சரிவு நிலத்துப் பண்ணையில் தீவனச் சுமையைக் குறைக்க வீட்டிலேயே என்ன செய்யலாம்?

திருவட்டாறு சரிவுப் பண்ணை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருவட்டாற்றுக்கு அருகே, ரப்பரும் தென்னையும் கலந்து நிற்கும் சரிவான நிலத்தில் ஐந்து கறவை மாடுகளையும் எட்டு ஆடுகளையும் வளர்த்து வருகிறோம். சாலை நிலத்தின் மேற்புறமாகச் செல்கிறது. தொழுவமோ தண்ணீர் வசதியை முன்னிட்டுக் கீழ்த்தட்டில் கட்டப்பட்டிருக்கிறது. தீவனக் கடையின் வண்டி 50 கிலோ மூட்டைகளைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஒவ்வொரு மூட்டையையும் கல்படிகள் வழியாகத் தலைச்சுமையாகவே கொண்டுவர வேண்டியிருக்கிறது. இதுவரை என் கணவரும் மாமனாரும் அதைச் செய்து வந்தார்கள். மாமனாருக்கு மூட்டு தேய்ந்துவிட்டதால் சுமை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கணவர் விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டச் சென்றுவிடுவதால் பகலில் பெரும்பாலான வேலை என் தலையில்தான் விழுகிறது.

தென்னைகளுக்கு இடையே கோ-5 கம்பு நேப்பியர் புல் போட்டிருக்கிறோம். அதை அறுத்துக் கட்டித் தொழுவத்துக்குக் கொண்டுவருவது மற்றொரு சுமை. வைக்கோல் கும்பப்பூ பருவ நெல் அறுவடைக்குப் பிறகு தோவாளைப் பக்கத்திலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாறி மாறிப் பெய்வதால், ஜூனில் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை முழுமையாக விடுவதில்லை. அந்த மாதங்களில் தவிடு கட்டிபிடிக்கிறது. மூட்டையின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கிறது. கல்படிகளில் பாசி படிந்து காலை வைக்கவே பயமாக இருக்கிறது.

இயந்திரங்களுக்குப் பெருந்தொகை செலவிடும் நிலையில் நாங்கள் இல்லை. பழைய டிரம், குழாய், கயிறு, கமுகுத்தடி போன்ற கையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மூட்டையை இறக்குவது, சேமிப்பது, அளந்து போடுவது, புல்லைக் கொண்டுவருவது ஆகியவற்றை எளிதாக்கிக்கொண்டவர்கள் இருந்தால், தங்கள் அமைப்பைச் சற்று விரிவாகவே விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சாலையிலிருந்து தொழுவத்தின் கூரைவரை பெரிய பி.வி.சி. குழாய் ஒன்றைப் பதித்து, மேலே தீவனத்தைக் கொட்டினால் கீழே வந்து விழும்படி செய்யலாமா என்பது என் கணவரின் யோசனை. அதைப் பற்றியும் கருத்துச் சொல்லுங்கள். எங்கள் மாடுகள் சராசரியாக நாளொன்றுக்குப் பத்து லிட்டர் பால் தருகின்றன. குச்சித் தீவனத்தோடு (ஆலையில் குச்சி வடிவில் அழுத்திய கலப்புத் தீவனம்) தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொடுக்கிறோம்.

மார்த்தாண்டம் பட்டறை

வணக்கம் சகோதரி. வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். வீட்டிலும் மூன்று மாடுகள் நிற்கின்றன. ஆகவே இரண்டு பக்கத்திலிருந்தும் இந்தக் கேள்வியைப் பார்க்க முடிகிறது.

முதலில் குழாய் யோசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதைத்தான் முதலில் நினைக்கிறார்கள். குச்சித் தீவனம் தானாக வழுக்கி இறங்குவதற்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வு வேண்டும். தவிடு, புண்ணாக்குத் தூள் போன்றவற்றுக்கு 60 பாகையாவது வேண்டும். நம் ஊர்த் தோட்டங்களின் சரிவு பெரும்பாலும் அதில் பாதிகூட இராது. அத்தகைய சாய்வில் நீண்ட குழாயைப் பதித்தால், உலர்ந்த நாள்களில் பாதித் தீவனம் வழியில் நின்றுவிடும்; மழைக்காலத்தில் குழாயின் உட்சுவரில் நீர் வியர்த்து, ஒட்டிய தூள் புளித்துப் பூஞ்சணமாகிவிடும். கை எட்டாத இடத்தில் அழுகும் தீவனத்தை எவ்வாறு கழுவுவது? எனவே சரிவில் தீவனத்தை உதிரியாக இறக்க வேண்டாம். மூட்டையை மூட்டையாகவே இறக்குங்கள்.

அதற்குச் சறுக்குப் பலகையே ஏற்றது. கல்படிகளின் ஓரமாக இரண்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை ஒன்றேகால் அடி இடைவெளியில் தண்டவாளம்போலப் பதியுங்கள். தரையைத் தொடாமல் அரையடி உயரத்தில் சிறு முளைகளின் மேல் நிற்கட்டும், அப்போதுதான் சருகும் மண்ணும் தேங்காது. அதன்மேல் இறங்கும் பலகைக்கு முன்புறம் ஓர் அடித் தடுப்பும் இரு ஓரங்களில் சிறு விளிம்பும் இருக்க வேண்டும். பலகையின் அடியில் குழாயின் உட்புறத்தை ஒட்டியவாறு இரண்டு மரச்சட்டங்களை அடித்துவிட்டால் தடம் புரளாது. பத்தடி நீளத்துக்கு ஐந்தடி இறக்கம் உள்ள சரிவாக இருந்தால், 50 கிலோ மூட்டை கயிற்றை இழுக்கும் விசை 25 கிலோவுக்கு மேல் போகாது. உராய்வு அதையும் குறைத்துவிடும். மேலே சாலையோரத்தில் உறுதியான ஒரு கம்பத்தை நட்டு, பலகையில் கட்டிய வடத்தை அதில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டால், மறுமுனையை ஒரு கையால் பிடித்தபடியே மூட்டையை மெல்ல மெல்ல இறக்கலாம். சுற்று கூடக் கூடக் கையில் விழும் பாரம் பன்மடங்கு குறையும். தோணியைக் கரையில் கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் உத்தி இதுதான். இதற்கு நைலான் வடத்தை விடத் தடித்த கயிற்றுநார் வடமே மேல், ஏனென்றால் உராய்வின் சூட்டில் நைலான் இளகிக் கம்பத்தில் ஒட்டிக்கொண்டு திடீரென வழுக்கும். நார்வடம் ஈரத்தில் நைந்துபோகும் என்பதால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அதை மாற்றிவிடுங்கள். பலகை இறங்கும்போது அதற்குக் கீழே யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. இறங்கும் இடத்தில் பழைய டயர் ஒன்றைக் கட்டி வையுங்கள்.

சரிவு இதைவிட மிகக் குறைவாக இருந்தால் பலகை தானாக இறங்காது. அந்த நிலையில் படிகளுக்கு அருகே வளைந்து வளைந்து செல்லும் ஒரு தடம் வெட்டி, தள்ளுவண்டியில் கொண்டுவருவதே நல்லது.

மூட்டையை இறக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூட்டை தரைக்கு வந்தால் அதை மறுபடியும் குனிந்து தூக்க வேண்டும். தண்டவாளத்தின் கீழ் முனையை இடுப்புயர மேடையோடு சேருங்கள். அந்த மேடையிலிருந்து டிரம்மின் வாய்க்கு மூட்டையைச் சாய்த்துக் கொட்டும்படி இருந்தால், வண்டியிலிருந்து தொட்டிவரை எந்த இடத்திலும் ஒரு பெண்ணோ முதியவரோ 50 கிலோவை முழுமையாகத் தூக்க வேண்டிய அவசியமே வராது. தூக்கும் முறை சரியாக இருக்கும்போதுகூட ஒருவர் தூக்கத்தக்க மேல் எல்லையாக 23 கிலோவைத்தான் அமெரிக்கப் பணிநல வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. நாம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தலையில் ஏற்றிக்கொண்டு பாசிபிடித்த படியில் இறங்குகிறோம்.

இனி டிரம். 200 லிட்டர் நீல டிரம்மில் குச்சித் தீவனம் ஏறத்தாழ 120 கிலோ பிடிக்கும். டிரம்மை இரும்புக் கோணச்சட்டத்தால் செய்த நாற்காலியில், வாளி வைக்கும் உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால், ஓரத்தில் வெட்டிய துளை வழியே பாதிக்கு மேல் வராது; எனவே உள்ளே துளையை நோக்கிச் சாய்ந்தவாறு வழவழப்பான தகட்டைப் பொருத்த வேண்டும். குச்சித் தீவனத்துக்கு 45 பாகை போதும். துளை ஆறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது; சிறிய துளையில் தீவனம் வளைவுபோலக் கோத்துக்கொண்டு நின்றுவிடும். துளையின் முன்னே மேலும் கீழும் நகரும் தகட்டுக் கதவு வைத்தால் வாளியை நீட்டி வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம். தவிட்டுக்கு இந்த அமைப்பு பொருந்தாது. அதை மூடியுள்ள அகன்ற டிரம்மில் வைத்து அள்ளி எடுப்பதே நல்லது.

மற்றொரு டிரம்மை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதி தொட்டியாகும். இன்னொரு பாதியை இரண்டு பழைய சைக்கிள் சக்கரங்களின் மேல் ஏற்றினால் தீவன வண்டியாகும். எடை அச்சுக்கு நேர் மேலே விழும்படி டிரம்மைப் பொருத்துவதில்தான் அதன் சுகம் இருக்கிறது. பாரம் பின்னால் தள்ளி விழுந்தால் வண்டியைத் தள்ளுபவர் பாதிச் சுமையைக் கையில் தாங்க நேரிடும். வெட்டிய விளிம்பு மாட்டின் நாக்கையும் உங்கள் கையையும் கிழிக்கும் என்பதால், பழைய தண்ணீர்க் குழாயை நெடுக்காகக் கீறி அதன்மேல் மாட்டிவிடுங்கள்.

புல் நறுக்கும் இயந்திரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதை இரண்டடி மேடையில் ஏற்றி, நறுக்கிய புல் நேராக இந்த வண்டிக்குள் விழும்படி வையுங்கள். தரையில் விழுந்த புல்லைக் கூட்டி அள்ளுவது முழுக்க முழுக்க வீணான உழைப்பு. பட்டைக்கும் சக்கரத்துக்கும் தகட்டு உறை போடாமல் அந்த இயந்திரத்தை ஓட்டவே கூடாது. சேலை முந்தானையையும் துப்பட்டாவையும் இறுகச் செருகிக்கொண்ட பிறகே அருகில் செல்ல வேண்டும்.

நாஞ்சில் கால்நடை மருத்துவர் (ஓய்வு)

மேலே எழுதிய நண்பரின் அமைப்பு நன்றாகச் சிந்திக்கப்பட்டது. மாட்டின் உடல்நலத்தைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

நம் மாவட்டத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய டிரம்களில் கணிசமானவை ரப்பர்த் தொழிலோடு தொடர்புடையவை. பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமோ, பால் உறையாமல் காக்கும் அம்மோனியாவோ, பூச்சிமருந்தோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தீவனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உணவுப்பொருள் இருந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. டிரம்மில் என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியவில்லை என்றால், அது தண்ணீர் பிடிப்பதற்குக்கூட வேண்டாம்.

இரண்டாவதாக, தகட்டுக் கதவுக்குப் பூட்டு கட்டாயம் வேண்டும். இரவில் கட்டை அறுத்துக்கொண்ட ஒரு மாடு கதவை மூக்கால் தள்ளத் தெரிந்துகொண்டால், கொட்டும் தீவனத்தை நிறுத்தாமல் தின்னும். குச்சித் தீவனம், தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனம் அளவுக்கு மீறினால் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலத்தைப் பெருக்கும். மாடு அசைபோடுவதை நிறுத்தி, வயிற்றோட்டம் கண்டு, நீர்ச்சத்து இழந்து படுத்துவிடும். சில மணி நேரத்துக்குள் மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. கோழிகளுக்குச் செய்வதுபோலத் தானே எடுத்துத் தின்னும் அமைப்பை அடர்தீவனம் உண்ணும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

மூன்றாவது, பூஞ்சணம். இந்தியத் தர நிர்ணயப்படி கலப்புத் தீவனத்தில் ஈரப்பதம் 11 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆலையிலிருந்து அவ்வாறே வந்தாலும், நம் காற்றில் திறந்து வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய்ப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் இதில் மிகவும் எளிதாகக் கெடக்கூடியவை. ஆஸ்பர்ஜில்லஸ் இனப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சு மாட்டின் கல்லீரலைக் கெடுப்பதோடு, உருமாறிப் பாலிலும் வந்துவிடுகிறது. சூடு செய்வதாலும் வெயிலில் காயவைப்பதாலும் அந்த நஞ்சு முழுமையாக நீங்குவதில்லை. ஆகையால் பூஞ்சணம் பிடித்த பகுதியை மட்டும் தட்டிவிட்டு மீதியைக் கொடுக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். கட்டிபிடித்து நாறும் தீவனம் உரக்குழிக்கே உரியது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோவும், ஒவ்வோர் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோவும் அடர்தீவனம் என்பது வழக்கமான பரிந்துரை. உங்கள் பத்து லிட்டர் மாட்டுக்கு அது ஏறத்தாழ ஆறு கிலோ. ஐந்து மாடுகளுக்கு முப்பது கிலோ. தவிடும் புண்ணாக்கும் அதற்குள் அடக்கம் என்பதால், 120 கிலோ டிரம் நான்கு நாள்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குள் தீர்ந்துவிடும். நல்ல அளவுதான். ஆனால் டிரம் முழுமையாகக் காலியாகி, மூலைகளைத் துடைத்த பிறகே மறுபடியும் நிரப்ப வேண்டும். பாதி இருக்கும்போதே மேலே கொட்டிக்கொண்டிருந்தால் அடியில் உள்ள பழைய தீவனம் வெளியே வராமல் அங்கேயே கெட்டு, புதியதையும் கெடுக்கும்.

மூட்டையாக இருப்பில் வைப்பவற்றுக்குக் கமுகுத்தடியைப் பிளந்து அரையடி உயரப் பரண் அமையுங்கள். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும். தரையின் ஈரம் ஏறாது. காற்று அடியில் ஓடும். எலி பதுங்க இடமும் குறையும். பரணின் கால்களில் தகரத்தைக் கூம்புபோல் கவிழ்த்து மாட்டினால் எலி ஏறுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

பட்டறைக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெல்டிங் வேலை முடிந்த பிறகு தொழுவத்தில் கிடக்கும் கம்பித்துண்டும் ஆணியும் மாட்டின் வயிற்றுக்குள் போனால், அது இரண்டாம் வயிற்றைக் குத்தி, அங்கிருந்து இதயத்தின் உறைவரை துளைத்துச் செல்லும். வேலை செய்த இடத்தைக் காந்தத்தால் துழாவுங்கள். பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை டிரம் கதவின் கீழே, தீவனம் உரசி விழும் இடத்தில் பொருத்திவிட்டால், மூட்டையில் கலந்து வரும் இரும்பையும் அது பிடித்துவைக்கும். வாரம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்; என்ன கிடைக்கிறது என்று வியப்பீர்கள்.

அளப்பதற்கு ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டினால் கைப்பிடியோடு கூடிய நல்ல அகப்பை கிடைக்கும். ஆனால் ஒரு கேன் குச்சித் தீவனமும் ஒரு கேன் தவிடும் ஒரே எடை அல்ல. தவிடு பாதி எடைகூட வராது. ஆகவே ஒவ்வொன்றையும் தொங்கு தராசில் ஒருமுறை நிறுத்து, ஒரு கிலோ நிற்கும் மட்டத்தில் வெவ்வேறு நிறத்தில் கோடு போட்டுவைக்க வேண்டும். வீட்டில் யார் தீவனம் போட்டாலும் அளவு மாறாது.

கருங்கல் ஆட்டுப்பட்டி

வணக்கம் சகோதரி. ஆட்டைப் பற்றியும் புல்லைப் பற்றியும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஆடு தரையில் விழுந்த தழையை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். பலாக்குழையையும் அயனி (காட்டுப்பலா) குழையையும் கட்டி வந்து கீழே போட்டால் பாதிக்கு மேல் மூத்திரத்தில் நனைந்து வீணாகும். பிறகு அதைக் கூட்டி அள்ளுவதும் நம் வேலையாகும். கொட்டிலின் குறுக்கே ஆட்டின் தலைக்குச் சற்று மேலே ஒரு ஜி.ஐ. குழாயைக் கட்டி, அதில் எஸ் வடிவக் கொக்கிகளை மாட்டி, குழைக்கட்டை அப்படியே தொங்கவிடுங்கள். ஆடு எட்டிப் பறித்துத் தின்னும். குச்சி மட்டும் கொக்கியில் மிஞ்சும். குட்டிகளுக்குத் தனியாகத் தாழ்ந்த கொக்கி வைக்க வேண்டும். நறுக்கிய புல்லுக்கு மூங்கில் சட்டங்களை 'வி' வடிவில் சாய்த்து அடித்த ஏந்தி போதும்; சட்டங்களின் இடைவெளி மூக்கு நுழையும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். தலை நுழையும் அளவுக்கு விட்டால் கொம்பு மாட்டிக்கொள்ளும். ஏந்திக்குக் கீழே அரை டிரம்மை வைத்தால் சிந்துவதும் அதிலேயே விழும்.

புல்லைக் கட்டுவதற்குக் குளச்சல், முட்டம் கடற்கரையில் கிடைக்கும் பழைய மீன்வலையைப் பயன்படுத்துகிறேன். எட்டடிக்கு எட்டடி வெட்டி, நான்கு மூலைகளிலும் வளையம் போட்டுக்கொண்டால், அறுக்கும் புல்லை அதன்மேலேயே போட்டுக்கொண்டு போகலாம். நான்கு வளையங்களையும் ஒன்றாகப் பிடித்து முடிச்சிட்டால் கட்டு தயார். கயிற்றைச் சுற்றி இறுக்கும் வேலையே இல்லை. உங்கள் நிலத்தில் புல் தொழுவத்துக்கு மேல்தட்டில் இருக்குமானால், அந்தக் கட்டையும் சறுக்குப் பலகையிலேயே இறக்கிவிடலாம். புல் கீழ்த்தட்டில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது அறுத்த புல்லைச் சில மணி நேரம் அங்கேயே வாடவிட்டுத் தூக்குங்கள், நீர் வற்றுவதால் சுமை நன்றாகவே குறையும்.

மழை நாளில் அறுக்கப் போகாமல் இருப்பதற்கு டிரம்மில் ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போட்டுவைப்பதைப் போல உதவியானது வேறில்லை. 45 நாள் வளர்ந்த கோ-5 புல்லை வெயில் நாளில் அறுத்து, வாடவிட்டு, ஓர் அங்குலத்துக்கு நறுக்கி, நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு தெளித்து, டிரம்மில் அடுக்கடுக்காகப் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு திறந்தால் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இனிய புளிப்பு மணத்தோடு இருக்கும். ஒரு டிரம் நூற்றிருபது கிலோவரை பிடிக்கும். நிரப்பிய டிரம்மை யாராலும் நகர்த்த முடியாது என்பதால், எந்த இடத்தில் எடுத்துப் போடப்போகிறோமோ அந்த இடத்தில் காலி டிரம்மை வைத்த பிறகே நிரப்ப வேண்டும். பெரிய குழியை விட டிரம் சிறு பண்ணைக்கு ஏன் ஏற்றது என்றால், திறந்த ஊறுகாய்ப்புல் காற்றுப் பட்டுச் சூடேறிக் கெடத் தொடங்கிவிடும். மாட்டுக்கு எட்டு கிலோ வீதம் ஐந்து மாடுகளுக்குக் கொடுத்தால் மூன்று நாளில் டிரம் காலியாகிவிடும். கெட நேரமே இராது.

நாஞ்சில் கால்நடை மருத்துவர் (ஓய்வு)

கருங்கல் சகோதரியின் வலைக்கட்டு மிக நல்ல யோசனை. ஒரே ஒரு நிபந்தனையோடு ஏற்கிறேன். பழைய வலையின் இழைகள் அறுந்து புல்லோடு கலந்தால், அவை செரிக்காமல் முதல் வயிற்றில் பந்துபோலத் திரண்டு கிடக்கும். வலையின் வெட்டிய ஓரம் முழுவதையும் சாக்குத் துணியால் மடித்துத் தையுங்கள். இழை பிரிந்த வலையை உடனே ஒதுக்கிவிடுங்கள். வலையோடு சேர்த்துப் புல்லை மாட்டின் முன் வைக்காதீர்கள். மரச்சீனி (மரவள்ளி) இலையையும் கிழங்குத் தோலையும் கொடுப்பவர்கள் பசுமையாகவே கொடுக்காமல், நறுக்கிப் பரப்பி நன்றாக உலரவிட வேண்டும். அதிலுள்ள சயனைடு நஞ்சு உலரும்போது பெருமளவு ஆவியாகிவிடும்.

திருவட்டாறு சரிவுப் பண்ணை

மூவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. குழாய் யோசனையைக் கணவர் கைவிட்டுவிட்டார். சரிவை அளந்து பார்த்தோம். பத்தடிக்கு நான்கரை அடி இறக்கம் இருக்கிறது. எனவே சறுக்குப் பலகையைச் செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். புல் பெரும்பாலும் தொழுவத்துக்கு மேல்தட்டில்தான் இருக்கிறது, ஆகவே அதே தண்டவாளம் இரண்டுக்கும் உதவும். டிரம்முக்கு உணவு எண்ணெய் வந்த டிரம் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டுக்கொட்டிலில் கொக்கி மாட்டும் வேலையை மாமனார் தானே ஏற்றுக்கொண்டுவிட்டார். சுமை தூக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

பட்டறை அண்ணனிடம் ஓர் ஐயம். சாலையோரத்தில், தண்டவாளம் தொடங்கும் இடத்துக்கு நேர் மேலேயே ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. தனியாகக் கம்பம் நடாமல் அந்த மரத்திலேயே வடத்தைச் சுற்றிக்கொள்ளலாமா? அடுத்து, தண்டவாளத்துக்குப் புதிய குழாய்தான் வாங்க வேண்டுமா?

மார்த்தாண்டம் பட்டறை

மரத்தில் சுற்ற வேண்டாம் சகோதரி. வடம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உராய்ந்து பட்டையைத் தேய்த்துவிடும். பால் ஓடும் குழல்கள் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கின்றன. காயம்பட்ட பட்டையில் மழைக்காலத்தில் அழுகலும் ஏறும். முற்றிய தென்னந்தடியோ நான்கு அங்குல இரும்புக் குழாயோ கம்பமாகப் போதும். மூன்றடி ஆழம் தோண்டி, சரிவுக்கு எதிர்ப்புறமாக, அதாவது சாலைப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து நிறுத்தி, ஜல்லிக் கலவை போட்டு இறுக்குங்கள். இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளே நீர் தேங்காமல் மேல்வாயை அடைத்துவிடுங்கள். வடம் சுற்றும் இடம் இடுப்பு மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் பிடிப்பவருக்கு வசதியாக இருக்கும். வடம் மேலே ஏறி நழுவாமல் இருக்க, அதற்கு மேலே ஒரு இரும்பு முளையைக் குறுக்காக வைக்க வேண்டும்.

குழாய் பழையதே போதும். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், ஆனால் பலகை உரசும் மேற்புறத்துக்கு வண்ணம் பூச வேண்டாம். இணைப்புகளில் வெல்டிங் புடைப்பு இல்லாமல் அராவி மட்டம் செய்யச் சொல்லுங்கள். அந்தப் புடைப்பில்தான் பலகை முட்டி நிற்கும். உங்கள் பத்தடிக்கு நான்கரை அடி இறக்கத்தில் உலர்ந்த நாளில் பலகை தானாக நன்றாக இறங்கும். மழை நாளில் குழாய் நனைந்து வேகம் கூடும், அப்போது வடத்தை மேலும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் முறை தீவன மூட்டைக்குப் பதிலாக மண் நிரப்பிய சாக்கை, முதலில் பாதியும் பிறகு முழுதுமாக, இறக்கிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.